செருப்பைக் கொடுத்தது யார்

என் அன்புத் தங்கைக்கு,

உன் அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ நன்றாயிருப்பதைப் பத்திரிகையில் வந்த உன் புகைப்படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது. அது உண்மையான சதையா, படம் எடுத்தவரின் கைவேலையா என்பதைப் பதிலில் தெரியப்படுத்தவும்.

உன் நாவல் வந்த நாளிலிருந்து நான் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நீ தொலைபேசியில் கூப்பிட்ட போதெல்லாம் குளியலறையில் இருந்தேன். ஒரு மனிதன் வருஷக்கணக்கில் குளியலறையிலேயே இருக்க முடியுமா என்று நீ சந்தேகப்பட்டிருப்பாய். சந்தேகப்படவில்லை என்றால் நீ என் தங்கையே இல்லை. இப்போது எழுதுவதால் மனம் மாறிவிட்டேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இது புகார் மனு. உன்மேல் அல்ல, உன் நாவலைப் படமாக எடுத்த அந்த இயக்குநர்மேல்.

அதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். உன் நாவலில் வருகிற அண்ணன் நான் அல்ல. நம் உறவுக்காரர்கள் அத்தனை பேரும் அது நான்தான் என்று நினைக்கிறார்கள், எனக்குத் தெரியும். கல்யாண வீட்டில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள். ஆனால் ஆதாரம் என்று ஒன்று இருக்கிறது. உன் நாவலில் அந்த அண்ணன் தங்கையின் அலமாரிக் கதவில் ஒரு வெள்ளை நூலைக் கட்டிவைத்து, யாராவது திறந்தார்களா என்று தினமும் பார்க்கிறான். நான் கட்டியது கறுப்பு நூல். அவன் தங்கைக்கு வரும் கடிதங்களைக் கொதிக்கிற தண்ணீரின் ஆவியில் காட்டிப் பிரிக்கிறான்; நான் அப்படிச் செய்ததே இல்லை, ஒரு மெல்லிய கத்தி போதும். அவனுக்குக் கடைத் தராசுகளைச் சோதிக்கிற அரசாங்க வேலை. அந்த வேலை பார்த்தவர்கள் இந்த நாட்டில் என்னைத் தவிர எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தங்கையைக் காதலித்த கணக்கு வாத்தியாரை அவன் இரும்புக்கடைத் தராசில் ஏற்றி, அவர் சொன்ன எடையும் நிஜ எடையும் ஒன்றுதானா என்று நிறுத்துப் பார்த்ததாக எழுதியிருக்கிறாய். இது அப்பட்டமான கற்பனை. அவர் தானாக ஏறினார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கண்ணாடி மாற்ற வேண்டும் என்று உன் அண்ணி நச்சரித்ததால் கடைத்தெரு முனையில் இருக்கிற கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் மரியாதையான மனிதர், அதனாலேயே எனக்கு ஆரம்பத்திலிருந்து அவர்மேல் ஒரு கண். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கின்மேல் அந்தக் கனமான இரும்புச் சட்டத்தை மாட்டி, ஒரு கண்ணைக் கறுப்புத் தகட்டால் அடைத்து, எதிர்ச்சுவரில் இருக்கிற எழுத்துகளைப் படித்துக்கொண்டிருங்கள், இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனார். கண்ணாடி சாணை பிடிக்கிற அறை அது. சாணைச் சத்தம் கேட்கவில்லை, பேச்சுச் சத்தம் கேட்டது. எனக்குச் சந்தேகம் வராதா? எழுத்துகளை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"அந்த அண்ணனைத் தூக்கினதுதான் அவர் செஞ்சதுலயே நல்ல காரியம்" என்றது கடைக்காரரின் குரல்.

"எதுக்குத் தூக்கணும்? எல்லாமே அந்த ஆள் மேலதான் நிக்குது. அவன் பாட்டுக்கு வீட்ல இருந்திருப்பான்" என்றது இன்னொரு குரல்.

"இருந்தா கூடவே எத்தனை தொல்லை. தூக்கியாச்சு, யாருக்கும் தெரியவும் இல்ல, யாரும் தேடவும் இல்ல."

தங்கையே, நான் கோழை அல்ல என்பது உனக்குத் தெரியும். அந்த இரும்புச் சட்டத்தோடு, ஒற்றைக் கண்ணோடு, திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய், "யாரைத் தூக்கினீங்க? உண்மையைச் சொல்லிடுங்க" என்று கேட்டேன். உள்ளே மூன்று பேர் முக்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர், கார் ஓட்டக் கற்றுத்தருகிற பயிற்சியாளர் ஒருவர், பொது நூலகத்தில் வேலை பார்க்கிற ஒரு பெண்மணி. மூவரும் அந்த இயக்குநரின் படம் எது வந்தாலும் முதல் நாளே பார்த்துவிட்டு, அடுத்த படம் வரும்வரை அதைப் பற்றியே சண்டை போடுகிறவர்களாம். தூக்கப்பட்டது ஆள் அல்ல, பாத்திரம். உன் நாவலில் இருந்த அண்ணனை இயக்குநர் படத்திலிருந்து அடியோடு எடுத்துவிட்டாராம்.

அந்த நிமிஷம் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை என்னவென்று சொல்வேன். உன் நாவல் படமாகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை. புத்தகம் என்றால் படிக்கிறவர்கள் படிப்பார்கள்; படம் என்றால் பால் ஊற்றுகிறவரும் பார்ப்பார், எதிர்வீட்டுப் பிள்ளைகளும் பார்ப்பார்கள், பிறகு நான் வீதியில் நடந்தால் என் கையில் நூல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இப்போது அந்தப் பயம் இல்லை. கடைக்காரருக்கு நன்றி சொல்லி, புதுக் கண்ணாடிக்கு முன்பணம் கொடுத்து, வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, ஒரு கவளம் வாயில் வைத்தபோது நிம்மதி போய்விட்டது. ஏன் எடுத்தார்? ஒரு நாவலில் பாதிக்குமேல் வருகிற ஒருவனைக் காரணமில்லாமல் யாராவது எடுப்பார்களா? எடை குறைந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மறுநாள் மத்தியானக் காட்சிக்குப் போனேன்.

தொப்பி போட்டுக்கொண்டு ஓரத்து இருக்கையில் உட்கார்ந்தேன். படம் நடுவிலிருந்து ஆரம்பிக்கிறது. படச்சுருளை மாற்றிப் போட்டுவிட்டார்களோ என்று டிக்கெட் கிழிக்கிறவரைக் கூப்பிட்டுக் கேட்டேன், அந்த இயக்குநர் அப்படித்தானாம், கதையை முதலிலிருந்து சொன்னால் அவருக்கு மரியாதைக் குறைவாம். ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் அண்ணன் வந்துவிடுவானோ என்று இருக்கையைப் பிடித்துக்கொண்டேன். வரவே இல்லை. உன் நாவலில் அந்தப் பெண் அண்ணனோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். படத்தில் ஒரு பூனையோடு இருக்கிறாள். எனக்குப் பதில் பூனை. அதாவது, அவனுக்குப் பதில். பூனை நன்றாகத்தான் நடித்திருக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

பிறகு அந்தக் காட்சி வந்தது.

உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பத்திரிகை அலுவலகத்தில் உனக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு. பேருந்து வரவில்லை. மேட்டுப் பாதையில் சைக்கிளில் உன்னைப் பின்னால் உட்காரவைத்து மிதித்தும் தள்ளியும் கொண்டுபோனது, அலுவலக வாசலில் நீ இறங்கியபோது உன் செருப்பு வார் அறுந்தது, வேறு வழியில்லாமல் ஆம்பிளைச் செருப்பைப் போட்டுக்கொண்டு நீ உள்ளே போனது, காகிதத்தை உருட்டி விரல்பக்கம் திணித்தும் அது டப்டப் என்று சத்தம் போட்டது, பத்திரிகை ஆசிரியர் அதைப் பார்த்துச் சிரித்தபோது நீ, "என் அண்ணன் வெளியே வெறுங்காலோட நிக்கிறார், கேக்குறதைச் சீக்கிரம் கேளுங்க" என்று சொன்னது. அந்த ஒரு பதிலுக்குத்தான் உனக்கு வேலை கொடுத்தார்கள். இதையெல்லாம் நீயே எழுதியிருக்கிறாய். படத்தில் அத்தனையும் இருக்கிறது. மேட்டுப் பாதை இருக்கிறது, சைக்கிள் இருக்கிறது, செருப்பு இருக்கிறது. சைக்கிள் மிதிப்பது மட்டும் கதாநாயகன். தோளில் புரளும் முடி, வியர்வை என்று ஒரு சொட்டு கிடையாது, பின்னணியில் பாட்டு வேறு. செருப்பைக் கழற்றி வெறுங்காலில் நிற்கிறான், அந்தக் காலைக் கிட்டத்தில் காட்டுகிறார்கள், அது இதுவரை தரையே பார்க்காத கால். உள்ளே அந்தப் பெண் ஆசிரியரிடம், "அவர் வெளியே வெறுங்காலோட நிக்கிறார்" என்கிறாள். 'என் அண்ணன்' என்ற இரண்டு சொல்லை எடுத்துவிட்டு 'அவர்' என்று ஒரு சொல்லைப் போட்டிருக்கிறார்கள். கடையில் தராசுத் தட்டுக்கு அடியில் புளியை ஒட்டுவார்களே, அந்த மாதிரி வேலை. பக்கத்து இருக்கைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. திரையில் பெயர்கள் ஓட ஆரம்பிப்பதற்குள் வெளியே வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் அந்த மூவரும் கண்ணாடிக் கடையில் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு விவாதம் நடத்துவார்கள் என்று விசாரித்து வைத்திருந்தேன். போனேன். என் கண்ணாடி இன்னும் தயாராகவில்லை என்றார் கடைக்காரர். கண்ணாடிக்காக வரவில்லை என்றேன். முக்காலி ஒன்றை நகர்த்திப் போட்டார்கள்.

கடைக்காரர் இயக்குநர் கட்சி. "நாவலை ஒருத்தன் தனியா உக்காந்து படிக்கிறான். எங்க வேணும்னாலும் நிறுத்தி யோசிப்பான். படம் அப்படியா? இருட்டுல கூட்டத்தோட உக்காந்திருக்கான், அவனுக்கு ஒரு கோடு போட்டுக் காட்டணும். காதல் ஒரு கோடு. அண்ணனும் இருந்தா ரெண்டு கோடு" என்றார்.

"ரெண்டு கோடு இருந்தாத்தான் சார் அது ரோடு. ஒத்தைக் கோட்டு மேல எவன் வண்டி ஓட்டுவான்?" என்றார் பயிற்சியாளர். அவர் நாவல் கட்சி.

"அவ மனசுக்குள்ள பக்கம் பக்கமாப் பேசுறதை எப்படிக் காட்டுவீங்க? அவர் ஒரு கதவைக் காட்டுறாரு. கதவு மெதுவா ஆடுது. முடிஞ்சுது, பத்துப் பக்கம் அதுக்குள்ள இருக்கு" என்றார் கடைக்காரர்.

"கதவு ஆடினா கொண்டி சரியில்லன்னு அர்த்தம்" என்றேன் நான். இருவரும் என்னைப் பார்த்தார்கள், ஆனால் மறுத்துப் பேசவில்லை.

நூலகப் பெண்மணி அதுவரை வாயைத் திறக்கவில்லை. எனக்கு அவர்மேல்தான் அதிகச் சந்தேகம், பேசாமல் இருக்கிறவர்களிடம்தான் சரக்கு இருக்கும். அவர் சொன்னார், "நாவல் படிக்கும்போது அந்த அண்ணன் மேல எனக்கு அவ்வளவு கோபம். அந்த ஆள் கையில மாட்டினா என்ன செய்வேன்னே தெரியாது. அப்புறம் செருப்பு அத்தியாயம் வந்துச்சு. புத்தகத்தை மூடி மடியில வச்சிட்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தேன். அவ்வளவு பக்கம் திட்டிட்டு வந்த ஆளை இப்ப என்ன பண்றதுன்னு புரியல. படத்துல அந்தக் கஷ்டமே இல்லையே. நல்லவன் வர்றான், நல்லது செய்றான். நல்லவன் செருப்பைக் கழட்டிக் கொடுத்தா அதுல என்ன இருக்கு?"

கையில் கொடுத்திருந்த தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டேன். தேநீரில் ஏதாவது கலந்திருந்தார்களோ என்னவோ. எழுந்து நின்றேன்.

"அது கதாநாயகன் கொடுத்த செருப்பு இல்ல. நான் கொடுத்த செருப்பு. அந்த எழுத்தாளர் என் தங்கச்சி."

கடைக்காரர், "உக்காருங்க சார். தலை சுத்துதா? பழைய கண்ணாடியில பவர் ரொம்பக் குறைஞ்சிருச்சு" என்றார்.

நான் உட்காரவில்லை. மேட்டுப் பாதையில் நீ பின்னால் உட்கார்ந்து கேள்வி பதில்களை மனப்பாடம் செய்ததையும், உன்னைக் கீழே இறங்கச் சொன்னால் புடவை அழுக்காகும் என்று நான் தள்ளிக்கொண்டே போனதையும் சொன்னேன். நீ உள்ளே இருந்தபோது வாசல் ஓரத்தில் கண்ணாடித் துண்டு ஒன்று என் உள்ளங்காலில் ஏறியதையும், நீ வெளியே வருவதற்குள் அதைப் பிடுங்கிவிட்டுக் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டதையும், வீட்டுக்கு வந்து படியில் சறுக்கிவிட்டேன் என்று சொன்னதையும் சொன்னேன். இது உன் நாவலில் இல்லை. உனக்கே தெரியாததை நீ எப்படி எழுதுவாய்.

பிறகு அந்த நூலகப் பெண்மணி, நான் சந்தேகப்பட்டது வீண் போகவில்லை, மெதுவாகக் கேட்டார், "அப்போ அலமாரியில நூல் கட்டினது, லெட்டரைப் பிரிச்சது, வாத்தியாரைத் தராசுல ஏத்தினது?"

நான் ஒரு வினாடி யோசித்தேன்.

"அந்த ஒரு அத்தியாயம் மட்டும் நான். மத்ததெல்லாம் கற்பனை."

கடைக்காரர் சிரித்ததில் எதிரே மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டம் இரண்டு கீழே விழுந்தன. பயிற்சியாளர் சிரிக்கவில்லை. அவர் என் எதிரே குந்தி உட்கார்ந்து, "தழும்பு இருக்கா சார்?" என்றார். ஆயுசு முழுக்க அடுத்தவனிடம் ஆதாரம் கேட்டவன் நான். என்னிடம் ஒருவன் கேட்கிறான். காலுறையைக் கழற்றிக் காட்டினேன். மூவரும் குனிந்து பார்த்தார்கள். கடைக்காரர் ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துவந்து பார்த்துவிட்டு, "இது ஆணி குத்தினதாவும் இருக்கலாம்" என்றார். உலகத்தில் யாரும் யாரையும் நம்புவதில்லை என்று எனக்கு வருத்தமாகிவிட்டது.

நான் காலுறையை மாட்டிக்கொண்டிருக்கும்போது நூலகப் பெண்மணி, "உங்க தங்கச்சிக்கு இந்தக் கண்ணாடித் துண்டு விஷயத்தை ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"அவ கேக்கல."

"தெரியாததை எப்படிக் கேப்பாங்க?"

பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உண்மையில் நேரமாகவில்லை.

ஆகவே தங்கையே, நான் இந்தக் கடிதத்தின் மூலம் உன்னைக் கேட்டுக்கொள்வது இதுதான். நீ உடனடியாக ஒரு நல்ல வக்கீலைப் பார்க்க வேண்டும். அந்த இயக்குநர் உன் நாவலை வாங்கி, அதிலிருந்த ஒரு மனிதனைத் தூக்கிக் கடாசிவிட்டு, அவன் காலில் கிடந்ததை மட்டும் கழற்றி வேறொருவனுக்கு மாட்டியிருக்கிறார். இது கதைசொல்லல் அல்ல, களவு. நீ வாயில்லாப் பூச்சி, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், யார் என்ன செய்தாலும் பேசாமல் உள்ளே வைத்துக்கொண்டு பிறகு நாவலாக எழுதுவாய். இந்தத் தடவை அப்படி விடக் கூடாது. செருப்பைக் கொடுத்தவர் அண்ணன்தான், காதலன் அல்ல என்று பத்திரிகையில் உன் கையெழுத்தோடு ஒரு மறுப்பு வர வேண்டும். எந்த அண்ணன் என்று அதில் சொல்ல வேண்டியதில்லை. அந்த இயக்குநருக்குத் திரைக்கதை எழுதிக் கொடுத்தவன் எவனோ, அவனுக்கு அண்ணன் தங்கை என்று யாரும் இருந்திருக்க மாட்டார்கள், இருந்திருந்தால் அந்தச் சொல்லை மாற்றக் கை வந்திருக்காது. அவன் பெயரையும் கண்டுபிடித்து வழக்கில் சேர்க்கவும்.

உன் அண்ணி உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். நீ இரவில் விழித்து எழுதுவதைக் குறைத்துக்கொள். எழுதிய கையும் மனசும் சுகமாக இருக்க வேண்டும், நீ தொட்டதெல்லாம் துலங்க வேண்டும். கணக்கு வாத்தியாரையும் கேட்டதாகச் சொல்லவும். எடை எவ்வளவு என்று கேட்டதாக அல்ல, சௌக்கியத்தை.

உன் நலமே நாடும்,
(நாவலில் வருபவர் அல்லாத) அண்ணன்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். பிரித்த தடம் தெரியாது, கவலைப்படாதே.

வழக்குக்குச் சாட்சி வேண்டும் என்று உன் அண்ணியையும் கூட்டிக்கொண்டு இன்று மறுபடியும் அந்தப் படத்துக்குப் போனேன். படம் முடிந்ததும் எழுந்தேன். அவளுக்குக் கால் மரத்துப்போய்விட்டது, கூட்டம் போகட்டும், கொஞ்சம் இருங்கள் என்றாள். இருந்தேன். திரையில் பெயர்கள் ஓடின. திரைக்கதை என்று போட்டு அதற்குக் கீழே உன் பெயரைப் போட்டார்கள். இயக்குநர் பெயரும் இல்லை, வேறு எவன் பெயரும் இல்லை, உன் பெயர் மட்டும்தான். பழைய கண்ணாடி, எனக்குத்தான் தவறாகத் தெரிகிறதோ என்று உன் அண்ணியை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு, "ஏங்க, இப்ப யார் மேல கேஸ் போடப் போறோம்?" என்றாள்.

வக்கீலைப் பார்க்க வேண்டாம்.

பேருந்தில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை, அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அந்த அண்ணன் படத்தில் இருந்திருந்தால் செருப்புக்கு முன்னால் மற்றதும் எல்லாம் இருந்தாக வேண்டும். யாரோ ஒரு நடிகன் அந்தப் பெரிய திரையில் கடிதத்தைப் பிரிப்பான், ஊரே இருட்டில் உட்கார்ந்து அவனைத் திட்டும், நடுவில் நானும் தொப்பியோடு உட்கார்ந்திருப்பேன். பேனாவை வைத்து அத்தனையையும் அடித்தவள் நீ. அடித்துக்கொண்டே வந்தவள் செருப்பை மட்டும் அடிக்க மனமில்லாமல், கையில் வைத்துக்கொண்டு நின்று, கடைசியில் பக்கத்தில் நின்ற எவனிடமோ கொடுத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். எனக்காகத்தான் என்னை எடுத்தாயோ என்று தோன்றுகிறது.

இது வெறும் சந்தேகம்தான். தவறாக இருந்தால் எனக்கு எழுத வேண்டாம்.